ஜன்னலுக்குத் தாள் ஒட்டியவர்

அமெரிக்காவில், அயோவா மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் ஹால்வர்சன் முப்பத்தொரு வருஷமாக மல்யுத்தக் கோச். வாங்கிய கோப்பைகளை வைக்க இடமில்லாமல் ஒன்றில் குடையைச் செருகி வைத்திருந்தார். அந்த வருஷத்தோடு ஓய்வு. அடுத்த கோச் அவருடைய பழைய மாணவர் டேல் என்று முடிவாகியிருந்தது. அதனால் பயிற்சி முழுவதையும் டேலிடமே விட்டுவிட்டார்.

டேல் நல்ல உழைப்பாளி. ஆனால் சந்தேகப் பிராணி.

வருஷத்தின் முதல் போட்டியில் ஜெயித்தாலும் டேல் ஒன்றைக் கவனித்தார். ஹால்வர்சனின் பேர்பெற்ற கால்பிடியைப் போடப் போனால், பக்கத்து ஊர்க் கல்லூரிப் பையன்கள் முன்கூட்டியே காலை இழுத்துக்கொண்டார்கள். யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள் என்று முடிவுகட்டினார்.

பயிற்சிக்கூட ஜன்னல்களுக்குத் தாள் ஒட்டினார். எல்லோருடைய போனையும் வாங்கிப் பூட்டினார். ஒருத்தன் பழகுவதை இன்னொருத்தன் பார்க்கக் கூடாதென்று ஆளுக்கொரு நேரம் வைத்தார். மல்யுத்தத்தைத் தனியாக எப்படிப் பழகுவது? பாவம், பையன்கள் துணிப்பொம்மையைக் கட்டிப் புரண்டார்கள்.

கோல்பி என்ற பையனின் சித்தி மகன் அந்தப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் படித்தான். டேலுக்கு அது போதும். கோல்பியைக் களத்தில் இறக்காமல் பெஞ்சில் உட்காரவைத்தார். மற்றவர்கள் அவனோடு பேசுவதை நிறுத்தினார்கள். பிறகு தங்களுக்குள்ளும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து ஊர்க் கல்லூரியோடு நடந்த பெரிய போட்டியில் தோற்றார்கள். மறுநாள் காலை டேல் ஒரு கடிதத்தோடு ஹால்வர்சனின் அறைக்கு வந்தார்.

"கையெழுத்துப் போடுங்க கோச். கோல்பியை டீமை விட்டுத் தூக்கணும்."

"என்ன செஞ்சான்?"

"நம்ம பிடியை அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டான்."

"நீ பார்த்தியா?"

"பார்க்க வேற செய்யணுமா? அவன் முழிக்கிற முழியே சரியில்லை."

"ஸ்காலர்ஷிப் போயிடும். படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போகணும் அவன்."

"போகட்டும் கோச்."

ஹால்வர்சன் கடிதத்தை வாங்கினார். கோல்பியின் பெயரை அடித்தார். மேலே தன் பெயரை எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

டேல் அதை இரண்டு முறை படித்தார். "புரியலை கோச்."

"நான்தான் அனுப்பினேன். வருஷா வருஷம் நம்ம பயிற்சியை வீடியோ எடுத்து அந்தக் காலேஜ் கோச்சுக்கு அனுப்புவேன். நீ இங்க படிச்சப்பவும் அனுப்பினேன்."

டேல் கடிதத்தைக் கசக்கினார். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய மனுஷன் இவர்.

"எதுக்கு கோச்?"

"பிடி தெரிஞ்சவனையும் நம்ம பசங்க பிடிக்கணும்னுதான்."

"அப்ப நேத்து நாம தோத்ததுக்கு நீங்கதானே காரணம்?"

ஹால்வர்சன் கோபப்படவில்லை.

"முப்பத்தொரு வருஷமா அனுப்பறேன், டேல். அவங்ககிட்ட நாம தோத்தது நேத்து ஒரு நாள்தான்."