போறேன் என்று சொல்கிறவள்

முன்பொரு சமயம், மலையடிவாரத்து ஊரில், மெக்கானிக் சுருளியின் பட்டறையில், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று பெட்ரோலுக்கு ஏங்கி நின்றது. அதன் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. குடிக்கிற கார்புரேட்டரோ அதைவிட உயரத்தில். நடுவில் நின்று ஏற்றிக் கொடுத்த பழைய பம்பு செத்துப்போயிற்று. அதே பம்பு இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அதனால் கரண்டில் ஓடும் புதுப் பம்பு ஒன்று வந்திருந்தது.

பம்புக்குக் காவலாக மூன்று கண்ணாடி பியூஸ்களும் வந்தார்கள். அக்கா தங்கைகள். பேட்டரிக்கும் பம்புக்கும் நடுவே ஒருத்தி உட்கார வேண்டும். கரண்டு அளவு மீறினால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியை அறுத்துக்கொண்டு வழியை அடைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த வேலைக்கு உயிரைத்தான் கொடுக்க வேண்டும்.

கடைசித் தங்கை சின்னவளுக்குச் சதா கவலை. குழாய் கிளிப்பு இறுக்கமா, பம்பு சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று சீட்டின் மேல் வைத்த தட்டில் கிடந்தபடியே நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

கார்புரேட்டருக்கும் கவலைதான். "தம்பி, எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும். நீ அழுத்தித் தள்ளினா வழிஞ்சு சூடான இன்ஜின் மேல கொட்டிரும்."

"உங்க வாய் அளவு பார்த்துத்தான் என்னை வாங்கியிருக்காங்க பெரியப்பா," என்றது பம்பு. "வயிறு நிறைஞ்சா நானே நிறுத்திக்குவேன்."

சுருளி மூத்தவளை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். பம்பு இரண்டு தரம் 'டக் டக்' என்றது. உடனே மூத்தவள் "போறேன்" என்றாள். போய்விட்டாள். நடுவுள்ளவளை மாட்டினார். பம்பு வாயைத் திறக்கும் முன்பே அவளும், "போறேன்."

பம்புக்கு எரிச்சல். "நல்ல காரியம் நடக்கிற இடத்துல போறேன்னு சொல்வாங்களா? போயிட்டு வர்றேன்னு சொல்ல உங்க வீட்டுல பழக்கலையா?"

"எங்க வீட்டுல யாரும் திரும்பி வர்றதில்ல. பொய் சொல்லிப் பழக்கமும் இல்ல," என்றாள் சின்னவள். "அக்காமார் சும்மா போகமாட்டாங்க. எங்கயோ ஒயர் இரும்பைத் தொடுது. பேட்டரி மாமா, எங்கன்னு தெரியுதா?"

"எனக்கென்ன தெரியும் தாயி? இழுத்தா கொடுப்பேன்," என்றார் பேட்டரி.

வண்டிக்காரர் யாகப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அண்ணே, கடைசி பஸ்ஸும் போயிருச்சு. பொழுது சாயறதுக்குள்ள மக மலைப் பள்ளிக்கூடத்துல போய் நிக்கணும். இல்லன்னா டீச்சர் வேலை வேற ஆளுக்குப் போயிரும். பேசாம பியூஸ் இல்லாம டைரக்ட் கொடுத்துருங்க."

"மட்டமான பியூஸா வந்திருக்குப்பா," என்றார் சுருளி. செத்துப்போன நடுவுள்ளவளைக் கையில் எடுத்தார். சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியைத் திறந்து, அவள் மேல் சுற்றி மாட்ட ஈயத்தாளைக் கிழித்தார்.

"வழி விடுங்க," என்று மினுக்கியது ஈயத்தாள். "எவ்வளவு கரண்டு வந்தாலும் நான் அறமாட்டேன்."

"அதுதான்டி எனக்குப் பயமே!" என்றாள் சின்னவள்.

யார் காதிலும் விழவில்லை. பட்டறை வாசலில் யாகப்பனின் மகள் ஜெசிந்தா மடியில் பையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள்தான் டேங்குக்கு மேலே உட்காரப் போகிறவள். சின்னவள் கீழே பார்த்தாள். சிமெண்டுத் தரை. உடம்போ கண்ணாடி. உடைந்தால் உடைகிறேன், அவர் குனிந்து பார்க்கட்டும் என்று ஓர் உருளு உருண்டாள்.

எண்ணெய்த் துணி ஒன்றின் மேல் விழுந்து, வண்டிக்கு அடியில் போய் நின்றாள். கீறல்கூட விழவில்லை.

"இது வேற ஓடுது, சனியன்!" சுருளி டார்ச்சோடு குனிந்தார். குனிந்தவர் எழுந்திருக்கவில்லை.

"யாகப்பா, இங்க வா."

பம்பைப் பிடித்திருந்த போல்ட்டுக்குள் ஒயர் நசுங்கி, தோல் உரிந்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே பெட்ரோல் குழாய்.

"டைரக்ட் கொடுத்திருந்தா?" என்றார் யாகப்பன்.

"போல்ட்டை முறுக்கினது நான்தான்," என்றார் சுருளி. ஈயத்தாளைக் கசக்கி எறிந்தார்.

பிறகு அவர் அவசரப்படவில்லை. வேறு ஒயரை உறைக்குள் நுழைத்து, இரும்பு முனையும் சைலன்சரும் படாத வழியில் கொண்டுபோனார். வண்டி சாய்ந்தால் பம்பை நிறுத்துகிற சுவிட்சையும் சேர்த்தார். குழாயின் இரண்டு முனையிலும் விரல் வைத்துத் தடவி, ஈரம் இல்லை என்று பார்த்தார். கடைசியாகச் சின்னவளைத் துடைத்து அவள் இடத்தில் உட்காரவைத்தார்.

சாவி திரும்பியது. டக் டக் டக். கார்புரேட்டர் நிறைந்ததும் பம்பு தானே அடங்கியது. யாரும் போகவில்லை. உதைத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பம்பு மெதுவாகக் கேட்டது: "ஏம்மா சின்னவளே, மலையேத்தம். நீயும் பாதியில போறேன்னு சொல்லிரமாட்டியே?"

பின்னால் ஏறி உட்கார்ந்த ஜெசிந்தா சுருளியைப் பார்த்துக் கையசைத்தாள். "போயிட்டு வர்றோம் மாமா!"

"கேட்டுச்சா?" என்றாள் சின்னவள். "அவங்க அந்த வார்த்தையைச் சொல்லணும்னா, இந்த வார்த்தையை ஒருத்தி வாயில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். நீ ஓடு."