கஸ்பாரின் இரண்டாவது எஞ்சின்

"ஒரு எஞ்சினா, ரெண்டு எஞ்சினா? நீயே சொல்லு தாயி."

கேட்டவர் கஸ்பார். வயது ஐம்பத்திரண்டு. சங்கு குளிக்கிற ஐந்து பேரைத் தூத்துக்குடிக் கரையிலிருந்து பைபர் படகில் கூட்டிப்போவார். அவர்கள் மூழ்கி எழும்வரை மேலே காத்திருப்பார். திரும்பக் கூட்டிவருவார். அதுதான் அவர் வேலை.

டெல்சியா படகு எஞ்சின் மெக்கானிக். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். கடலை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எஞ்சினை இவள்தான் ஒன்பது வருஷமாகச் சொல்லித்தருகிறாள்.

கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"இப்ப என்ன திடீர்னு, அண்ணாச்சி?"

"பதினேழாம் தேதி நடுக்கடல்ல எஞ்சின் நின்னுட்டு. இருபத்திரண்டு நிமிஷம். நாலு பேரு படகைப் பிடிச்சு ஏறிட்டானுக. என் மச்சினன் லூர்துராயனை நீவாட்டு ஓட்டம் இழுத்துட்டுப் போயிட்டு. வேற படகுக்காரன் கண்டு தூக்கினான்."

"இப்ப?"

"ரெண்டாவது எஞ்சின் இல்லாம ஒருத்தனும் இறங்கமாட்டேங்கான்."

"ரெண்டாவதும் நின்னா?"

கஸ்பார் யோசித்தார்.

"நிக்காதபடிக்கு வச்சுக்கிடுவேன்."

"அப்ப மாட்டிடுவோம்."

பழைய எஞ்சினுக்கு வலப்பக்கம் புதியதை மாட்டினாள். பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டினாள். வேறெதுவும் சொல்லவில்லை.

நாற்பது நாள் கழித்துக் கஸ்பார் வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"பயலுக தைரியமா இறங்குதானுக, தாயி."

"புதுசு எப்படி ஓடுது?"

"அதை ஓட்டலியே."

டெல்சியா நிமிர்ந்தாள்.

"ஒரு சொட்டு உப்புத்தண்ணி படல," என்றார் கஸ்பார். "தார்ப்பாய் உறை தைச்சு, மூணு முடிச்சு போட்டு வச்சிருக்கேன். ஆபத்துன்னா எடுக்கணும்லா. அன்னைக்கு அது புத்தம் புதுசா இருக்கும்."

"என் கல்யாணப் பட்டுச்சேலையை நான் அப்படித்தான் வச்சிருக்கேன்," என்றாள் அவள். கையைக் கழுவினாள். "வாங்க, கடலுக்குப் போவோம்."

ஏழு பாகம், நாற்பதடிக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் படகு நின்றது. வழக்கமாக ஐவரும் இறங்குகிற இடம்.

டெல்சியா மஞ்சள் பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தண்ணீரில் வீசினாள். பழைய எஞ்சினை அணைக்கிற சிவப்புக் கிளிப்பைப் பிடுங்கினாள். அது இல்லாமல் அந்த எஞ்சின் கிளம்பாது. கிளிப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"அந்தக் கேன்தான் லூர்துராயண்ணன்."

கஸ்பார் சிரித்தார்.

கேன் நகர்ந்தது.

சிரிப்பை நிறுத்திவிட்டு உறையைப் பிடித்தார். நாற்பது நாள் ஈரக்காற்றில் முடிச்சுகள் இறுகிப் போயிருந்தன. முதல் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாவதில் நகம் பிய்ந்தது. மூன்றாவதைப் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

சோக்கை முழுசாக இழுத்துவிட்டு எஞ்சின் கயிற்றைச் சுண்டினார். ஒன்று. இரண்டு. ஐந்து. ஒன்பது.

பதினொன்று.

பெட்ரோல் வாடை வந்தது. எஞ்சின் உறுமவில்லை. கேன் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிறுத்திருந்தது. அலை தூக்கினால்தான் கண்ணில் பட்டது.

"சோக்கை எதுக்கு அவ்வளவு இழுத்தீங்க?"

"பழசுக்கு அப்படித்தானே இழுப்பேன்."

"இது பழசா?"

கஸ்பார் சோக்கை உள்ளே தள்ளினார். பன்னிரண்டாவது இழுப்பில் இருமியது. பதினான்காவதில் பிடித்துக்கொண்டது.

கேனை நோக்கிப் படகை விட்டார். படகு இடப்பக்கம் ஓடியது. கைப்பிடியைத் திருப்பினார், ரொம்பத் திருப்பிவிட்டார். படகு மறுபக்கம் பாய்ந்தது.

"என்ன இது, கழுதை மாதிரி இழுக்குது?"

"நடுவுல இல்ல, ஓரத்துல உக்காந்திருக்கு. ஒத்தையில ஓடினா இழுக்கத்தான் செய்யும்."

மூன்று முறை வழி தவறி, நான்காம் முறை கேனை எட்டிப் பிடித்தார். மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

டெல்சியா கைக்கடிகாரத்தைக் காட்டினாள்.

பத்தொன்பது நிமிஷம்.

அவர் கேனைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா தாயி. சோக்கை இழுக்காதீங்க, ஒரு பக்கமா இழுக்கும்னு."

"அதுவே சொல்லியிருக்கும் அண்ணாச்சி. நாற்பது நாளா அதோட வாயைக் கட்டிப்போட்டுட்டு என்னையக் கேட்டா?"

மறுநாள் காலை ஏழரை மணி. அதே இடம்.

லூர்துராயன் படகின் விளிம்பில் உட்கார்ந்து நீச்சல் கண்ணாடியை மாட்டினான். குதிக்கப் போனவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பழைய எஞ்சின் சும்மா இருந்தது. புதியது உறையில்லாமல், மேலெல்லாம் உப்புத்தண்ணீர் தெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தான், புதுசைப் போட்டுத் தேய்க்கீரு? இது தேஞ்சு போச்சுன்னா ஆபத்துக்கு என்ன செய்வீரு?"

கஸ்பார் கைப்பிடியை விடவில்லை.

"நீ கால் நனைச்சதுமே ஆபத்து வந்தாச்சு மாப்ள. இறங்கு."