மூன்றாம் தரமும் மறுத்த மேற்றிராணியார்

கோயில் கொடிமரத்தைத் தொட்டு ஊருக்கே கேட்கச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு கருவாடாகக் காயட்டும்.

மாதா திருவிழாவுக்கு யார் கொடி தூக்குவது என்று முடிவு பண்ண, பங்குச் சாமியார் வீட்டு வராந்தாவில் கமிட்டி கூடியிருந்தது. நாற்பது வருஷமாய் எனக்கு அந்தக் கொடி மேல் கண். "உமக்கு என்ன வே தகுதி இருக்கு?" என்று கேட்டார் தலைவர் பிலவேந்திரன்.

"தகுதியா? எழுநூறு வருஷத்துக்கு முன்னால சீமையில மேற்றிராணியாரா, அதான் பிஷப்பா, இருந்தவன்யா இந்தக் கஸ்பார்."

"ரேஷன் கார்டுல எழுபத்திரண்டுன்னுல்லா போட்டிருக்கு," என்றான் வலைக்கார தஸ்நேவிஸ்.

"கட்டத்துல மூணு இலக்கத்துக்கு இடமில்ல, மக்கா."

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம். மேற்றிராணியார் பதவிக்குக் கூப்பிட்டால் உடனே சரி சொல்லக்கூடாது. 'நான் பாவி, தகுதியில்லை' என்று மூன்று தரம் மறுக்க வேண்டும். ஓடி ஒளிந்தால் இன்னும் விசேஷம். ஜனங்களே தேடிப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்துவார்கள். நான் கோயில் மணிக்குள் ஒளிந்தேன். பூசைக்கு மணி அடித்தால் 'டாங்' என்று வரவில்லை, 'தொப்' என்று வந்தது. தொந்தி காட்டிக் கொடுத்துவிட்டது.

தலையில் வைத்த கூம்புத் தொப்பி எவ்வளவு உயரமென்றால், உச்சியில் கொக்கு கூடு கட்டிவிட்டது. குஞ்சு பறக்கிறவரை மூன்று மாதம் நான் தலை குனியவில்லை, பூசையில்கூட. தலைக்கனம் பிடித்தவன் என்று பேர் வாங்கினேன். கனம் இருந்தது உண்மைதான், ஐந்து முட்டை.

"பிறகு மழை பொய்த்துது. என் வளைகோலை நீட்டி ஒரு கார்மேகத்தைக் கொக்கி போட்டு இழுத்தேன். அது பக்கத்து ராஜாவோட மேகம். பத்தாயிரம் குதிரையோட சண்டைக்கு வந்துட்டான். வாசல்ல நின்னு பிரசங்கம் பண்ணினேன்."

"பயந்து ஓடிட்டானோ?" என்றார் உபதேசியார் சவரிராயன்.

"தூங்கிட்டான். படை தூங்கிச்சு, குதிரை தூங்கிச்சு, பேசின நானும் தூங்கிட்டேன். நாற்பது வருஷம் கழிச்சு முழிச்சு 'ஆமென்' சொன்னேன். ராஜா தாடியில திராட்சைக் கொடி படர்ந்து காய்ச்சுக் கிடந்தது."

"பிரசங்கம் சுருக்கம்தான்," என்றான் தஸ்நேவிஸ்.

இந்தப் புகழ் ரோமாபுரிக்கு எட்டியது. என்னைப் பாப்பரசராக்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். 'நான் பாவி' என்றேன், கர்தினால்மார் அழுதார்கள். இரண்டாம் தரம் சொன்னேன், காலில் விழுந்தார்கள். மூன்றாம் தரம் சொன்னபோது ஒரு கிழட்டுக் கர்தினால் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். 'அவரே சொல்லுதாரு, அவருக்குத் தெரியாதா' என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிலவேந்திரன் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "அப்படின்னா கொடியை நீரே தூக்கும், மேற்றிராணி ஆண்டவரே."

நாற்பது வருஷ ஆசை தொண்டைவரை வந்தது. பழகின வாய் முந்திக்கொண்டது. "ஐயோ, நான் பாவி."

"சும்மா தூக்கும் வே."

"தகுதியில்லாதவன்."

"உம்மைத்தான் கேட்கோம்."

பல்லைக் கடித்து அடக்கப் பார்த்தேன். இருப்பது இரண்டு பல். மீதி இடம் வழியாக மூன்றாவது மறுப்பும் வெளியே வந்துவிட்டது.

பிலவேந்திரன் நோட்டை உபதேசியாரிடம் தள்ளினார். "அவரே சொல்லுதாரு. தஸ்நேவிசுன்னு எழுதும்."

அடுத்த வருஷக் கொடிக்கு இப்போதே மனு கொடுத்துவிட்டேன், 'மறுக்க மாட்டேன்' என்று மூன்று தரம் எழுதி. அதனால் இந்தக் கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள், பழைய மறுப்பு ஞாபகம் வந்து மனுவைக் கிழித்துவிடுவார்கள்.