முப்பத்தாறாவது விதி

அச்சு வடிவமைப்புப் பேராசிரியர் அனந்தநாராயணன் கண்டிப்புக்குப் பேர்போனவர். மாணவர்கள் பின்பற்ற வேண்டிய முப்பத்தெட்டு விதிகளை ஒரே பக்கத்தில் எறும்பு வரிசைபோல் அச்சடித்து, பருவத்தின் முதல் நாளே கொடுத்துவிடுவார்.

பருவ இறுதி வடிவமைப்புகளை ஒப்படைக்கும் நாளில் நாச்சம்மை நாலரை மணிக்கு வந்து நின்றாள். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாலு மணியோட முடிஞ்சுபோச்சு. நீ பெயில்," என்றார் அவர்.

"விதித்தாள்ல அப்படி இல்லையே சார்."

"எழுதினவன் நான். எனக்கே சொல்றியா?"

"முப்பத்தாறாவது விதியைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க சார்."

அவர் தாளைக் கிட்டே கொண்டுபோனார், எட்டப் பிடித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. அச்சுப் புள்ளிகளைச் சோதிக்கும் பூதக்கண்ணாடியை நாச்சம்மை மேசைமேல் வைத்தாள். குனிந்தவர் நிமிர வெகுநேரமாயிற்று. 'மாலை ஐந்து மணி' என்றிருந்தது.

"நாலு மணிக்கே ஓடிவந்தீங்களே, ஒருத்தரும் இதைப் படிக்கலையா?" என்று வகுப்பைக் கேட்டார்.

"நீங்க வாயால சொன்னதே போதும்னு இருந்துட்டோம் சார்," என்றான் ஒருவன்.

"நீ மட்டும் ஏம்மா படிச்சே?"

"முதல் விதியைப் படிக்கவே பூதக்கண்ணாடி வேண்டியிருந்துது சார். எடுத்ததுதான் எடுத்தோம்னு மீதியையும் படிச்சுட்டேன்."

"முதல் விதி என்ன?"

"'படிப்பவர் கண்ணைச் சுருக்க நேர்ந்தால் குற்றம் அச்சிட்டவருடையது.'"

பேராசிரியர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அவளுடைய வடிவமைப்பை வாங்கிக்கொண்டு, தம் விதித்தாளைத் திருத்தித் தரச்சொல்லி அவளிடம் நீட்டினார்.

அடுத்த ஆண்டுத் தாளில் பன்னிரண்டு விதிகளே இருந்தன. எல்லோரும் படித்தார்கள், அவர் உட்பட.