நீலாயியின் மயில்கழுத்துச் சேலை

கொன்றைக்கோட்டை ராஜா திருமேனிநாதர் தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை. தலைப்பாகை கட்டிக்கொள்ளும் நேரத்தில் எதை நீட்டினாலும் படிக்காமல் முத்திரை குத்திவிடுவார். வந்த வம்பெல்லாம் அதனால்தான்.

அவர் சபையில் பாடகி நீலாயி. சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போய்விட்டது. ஆனால் பார்த்த நிறமெல்லாம் மனசில் பத்திரமாக இருந்தது. குரல் தேன். நாக்கு மட்டும் மிளகாய்.

நவராத்திரி வந்தால் அரண்மனை முற்றத்தில் ஜவுளிக்கடை விரிப்பார்கள். ஊழியர்கள் ஆளுக்கொரு துணி எடுத்துக்கொள்ளலாம், ராஜா உபயம். நீலாயி லேசில் எடுக்கமாட்டாள். முந்தானையைத் தடவுவாள். ஓரத்தைக் கசக்கிக் காதருகே வைத்துச் சரசரப்பைக் கேட்பாள். அப்புறம் கேள்வி ஆரம்பமாகும்.

"செட்டியாரே, பச்சை என்றால் எந்தப் பச்சை? கிளியா, பாசியா, வாழைக்குருத்தா?"

கடைக்காரச் செட்டியாரும் சளைக்காமல் சொல்லுவார். அந்த வருஷம் அப்படித்தான் ஒரு மயில்கழுத்து நிறச் சேலையைத் தேடிப் பிடித்தாள். சரசுவதி பூசையன்று வெளியூர் விருந்தாளிகள் முன்னால் அதைக் கட்டிக்கொண்டு பாடவேண்டும் என்று கொள்ளை ஆசை.

மேற்பார்வைக்கு நின்ற அரண்மனை அதிகாரி பேஷ்கார் அனந்தப்பருக்குப் பொறுக்கவில்லை. "கண் தெரியாதவளுக்கு மயில்கழுத்து என்ன, கோணி என்ன? எதையாவது எடுத்துக்கொண்டு போகாமல் நேரத்தை வீணாக்குகிறாளே!" என்று கறுவினார். அவள் பெயரைப் போட்டுத் தடுத்தால் ஊர் ஏசும். ஆகவே பொதுவாக ஓர் ஆணை எழுதி, தலைப்பாகை நேரம் பார்த்து ராஜாவிடம் நீட்டினார். டமாரம் முழங்கியது:

"தன் கண்ணால் காண முடியாத அலங்காரம் இனி அரண்மனையில் யாருக்கும் கூடாது!"

நீலாயியின் கையிலிருந்த சேலையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு முரட்டுத் துணியைத் திணித்தார்கள். அவள் வீட்டுக்குப் போய் ஒரு மூச்சு அழுதாள். யாராயிருந்தாலும் அழத்தான் செய்வார்கள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தாள். யோசிக்க யோசிக்கச் சிரிப்பு வந்துவிட்டது.

பூசையன்று சபை நிரம்பியிருந்தது. நீலாயி முரட்டுத் துணியோடு, இடுப்பில் ஒரு பெரிய கூடையோடு வந்து நின்றாள்.

"என்னம்மா இது கோலம்? கூடை எதற்கு?" என்றார் ராஜா.

"மகாராஜாவின் ஆணையை நிறைவேற்ற வந்தேன். பேஷ்கார் ஐயா, உங்கள் நெற்றியில் என்ன?"

"சாந்துப் பொட்டு."

"தெரிகிறதா?"

"என் நெற்றி எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்படியானால் அழித்துவிடுங்கள். காதில் கடுக்கன் போட்டிருப்பீர்களே, கழற்றிக் கூடையில் போடுங்கள்."

பேஷ்கார் பதறினார். "கண்ணாடியில் பார்த்துத்தான் போட்டேன்!"

"கண்ணாடி சொல்லி உங்களுக்குத் தெரிந்தது. செட்டியார் சொல்லி எனக்குத் தெரிந்தது. அது கூடாதென்றால் இதுவும் கூடாது."

கடுக்கன் கூடையில் விழுந்தது. ராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பின்னலில் இருக்கிற பூவை நான் என்றைக்குக் கண்டேன்!" என்று தானே மல்லிகைச் சரத்தை எடுத்துப் போட்டாள். நீலாயி மெல்ல நடந்து சிம்மாசனத்தின் முன் வந்து கூடையை நீட்டினாள்.

"மகாராஜா, தலைப்பாகை?"

ராஜா கண்ணை மேலே உருட்டிப் பார்த்தார். புருவம்தான் தெரிந்தது.

"நீலாயி, இதை நான் பார்க்கவா கட்டிக்கொள்கிறேன்? இது தலையில் இருந்தால் தானாக நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது!"

"எனக்கும் அதேதான் மகாராஜா. மயில்கழுத்துச் சேலை கட்டினால் நிமிர்ந்து பாடத் தோன்றும்."

ராஜா தலைப்பாகை சரியச் சரியச் சிரித்தார். "படிக்காமல் முத்திரை வைத்தது என் தப்பு. ஆணை ரத்து! சேலையைக் கொண்டுவாருங்கள்! வேறென்ன பரிசு வேண்டும், கேள்."

"அடுத்த வருஷம் கடையில் எனக்கு நிறம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பேஷ்கார் ஐயாதான் வேண்டும்."

அன்று அவள் பாடிய பாட்டில் விருந்தாளிகள் சொக்கிப்போனார்கள்.

அடுத்த நவராத்திரி. பேஷ்கார் முற்றத்து வெயிலில் வேர்த்து விறுவிறுக்க ஒரு சேலையைத் தூக்கிப் பிடித்தார்.

"பச்சை."

"எந்தப் பச்சை?"

பேஷ்கார் சேலையை முன்னும் பின்னும் புரட்டினார். வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "பச்சை... பச்சைதான்!"

நீலாயி பெருமூச்சு விட்டாள். "பாவம், இவ்வளவு பெரிய கண் இரண்டு இருந்தும் உங்களுக்குத் தெரிவது இவ்வளவுதானா? இப்படி உட்காருங்கள் ஐயா, நான் சொல்லித் தருகிறேன்."