கடைசிப் பாடம்

2019 மார்ச் 11, திங்கட்கிழமை, காலை பத்து மணி. உரிமத் தேர்வில் ஆறு முறை தோற்றிருந்த சகாயராஜ், திருச்சி பாலக்கரையில் ஒரு வீட்டின் முன்னறையில் நின்றபடி கேட்டான்.

"மேடம், இந்தத் தடவை எந்தக் கோச்சிங்ல சேரட்டும்?"

கட்டிலில் படுத்திருந்த ரஹ்மத் நிஷா கண்ணைத் திறந்தார்.

"முதல்ல உக்காருங்கண்ணா."

அவர் அவனைவிட மூன்று வயது இளையவர். இருவரும் பனி கொட்டும் ஒரு தூர தேசத்தில், ஒரே கல்லூரியில் மருத்துவம் படித்தவர்கள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்ப்பதற்கு எழுத வேண்டிய தேர்வை நிஷா முதல் முறையிலேயே முடித்தார். பிறகு அதே தேர்வுக்குப் பாடம் எடுத்தார். அவரிடம் படித்தவர்கள் பல ஊர்களில் போர்டு மாட்டியிருக்கிறார்கள்.

சகாயராஜ் அவரிடம் சேரவில்லை. ஜூனியரிடம் போய் உட்காருவதா என்று இருந்துவிட்டான்.

இப்போது வந்திருந்தான். இப்போது அவர் வகுப்பு எடுப்பதில்லை. சினைப்பையில் தொடங்கிய புற்றுநோய் ஈரல்வரை போயிருந்தது.

"டெல்லியில ஒண்ணு இருக்கு, ஹாஸ்டலோட. சென்னையில ஒண்ணு, காலையில உள்ளே போனா பொழுது சாஞ்சுதான் விடுவாங்க. இன்னொண்ணு போன்லயே பாக்கறது. மூணுலயும் நமக்குத் தெரிஞ்ச பசங்க பாஸ் பண்ணியிருக்காங்க."

"மூணுலயும் பெயிலானவங்களும் இருப்பாங்களே."

"அவங்க போட்டோவை யாரும் பேனர்ல போடறதில்லையே மேடம்."

நிஷா சிரித்தார். பிறகு கேட்டார்.

"தோள்ல இருந்து கைக்குப் போற நரம்புப் பின்னல். சொல்லுங்க."

சகாயராஜ் சொன்னான். வேரில் தொடங்கி, கிளை பிரித்து, விரல் நுனிவரை மூச்சு விடாமல் சொன்னான். டீ கொண்டுவந்த நிஷாவின் அம்மா, யாரோ ஓதுவதைக் கேட்பதுபோல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒரு பிழை இல்ல. எத்தனை தடவை படிச்சீங்க?"

"எந்தக் கோச்சிங் போனாலும் அதுலதான் ஆரம்பிப்பாங்க."

"நீங்களும் ஒவ்வொரு தடவையும் அதுல இருந்தா?"

"அடிப்படை பலமா இருக்கணும்ல."

"கடைசிப் பாடம் எது?"

அவன் யோசித்தான்.

"அதுக்குள்ள பரீட்சை வந்துடும் மேடம்."

நிஷா மறுபடி சிரித்தார். இந்த முறை சிரிப்பு வயிற்றில் வலித்தது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஹாஸ்டல்ல முதல் நாளே என்னை மேசை மேல ஏத்தி, மணிக்கட்டு எலும்பையெல்லாம் ஒப்பிக்கச் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இருக்கு."

"அன்னைக்கும் கைதான். இன்னைக்கும் கைதான். நோயாளிக்குக் கால்னு ஒண்ணு இருக்குண்ணா."

சகாயராஜ் டீயைக் குடிக்கவில்லை.

"அப்பா இதுதான் கடைசின்னு சொல்லிட்டார். ஜூன் பரீட்சையில பாஸ் ஆகலேன்னா பொன்மலையில சித்தப்பாவோட மருந்துக் கடை. நானும் சரின்னு வாக்குக் குடுத்துட்டேன். தெருவுல எல்லாரும் டாக்டர்னுதான் கூப்பிடறாங்க. ஒரு காய்ச்சல் மாத்திரை எழுதிக் குடுக்க எனக்கு உரிமை இல்ல. அதான் மேடம். எதுல சேரட்டும்?"

நிஷா அலமாரியைக் காட்டினார்.

"அடியில இருக்கற புத்தகத்தை எடுங்க. அதுல கடைசிப் பாடம். சத்தமா வாசிங்க. பின்னாடி இருந்து முன்னாடி போவோம். தினம் வாங்க."

அவன் எடுத்தான். குணப்படுத்த முடியாத நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்பது பாடம். புத்தகம் அந்த இடத்தில் திறந்து பழகியிருந்தது.

"இதுல எத்தனை மார்க் வரும்?"

"ஒண்ணும் வராது. நான் பாடம் எடுத்த காலத்துல ஒரு தடவைகூட வந்ததில்ல."

"அப்புறம் எதுக்கு மேடம்?"

"தண்ணி வேணும்."

அவன் டம்ளரை நீட்டினான். படுத்தபடி அவரால் குடிக்க முடியவில்லை. தண்ணீர் கழுத்தில் வழிந்தது. அவன் டம்ளரோடு நின்றான்.

"அடுத்த வரியை வாசிங்க" என்றார் நிஷா.

சுத்தமான துணியை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்த வேண்டும் என்று இருந்தது.

அவன் துணி தேடினான்.

பாடத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது நிஷா கையை உயர்த்தினார்.

"அது இருக்கட்டும்."

அவன் தினமும் வந்தான்.

அவர்கள் பின்னாலிருந்து முன்னால் போனார்கள். குழந்தை வைத்தியம், பிரசவம், அறுவை சிகிச்சை, விஷம். நிஷா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவன் பதில் தப்பாக இருந்தால் ஆள்காட்டி விரல் மட்டும் உயரும். சரியாக இருந்தால் ஒன்றும் நடக்காது. பாராட்டு என்பதே இல்லை.

ஏப்ரலில் அந்த விரல் அடிக்கடி உயர்ந்தது. மே மாதம் குறைந்தது.

படித்ததற்கு நடுவே அவன் வேறு சிலவற்றையும் செய்தான். வலி வந்த பிறகு மருந்து கொடுக்காமல், வருவதற்கு முன்பே கொடுத்தான். முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்க வைக்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிடும்" என்று தொடங்கினால் அவர்களை மெல்ல வெளியே அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தான்.

"தம்பி வந்தாத்தான் அவ கண்ணைத் தொறக்கறா" என்றார் அம்மா.

ஜூன் நடுவில் தோளுக்கும் கைக்கும் வந்து சேர்ந்தார்கள். அவன் ஆவலோடு பக்கத்தைப் புரட்டினான்.

"இது வேண்டாம்" என்றார் நிஷா. குரல் காற்றாகத்தான் வந்தது. "இதைக் கேட்டு எனக்கே மனப்பாடமாயிடுச்சு."

ஜூன் 27, வியாழக்கிழமை மாலை, சகாயராஜ் பயணப் பையோடு வந்தான். மறுநாள் சென்னையில் தேர்வு.

அம்மா வாசலுக்கே வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"ரெண்டு நாளா வலின்னே சொல்லல தம்பி. நல்லாத் தூங்கறா. அல்லா கண் தொறந்துட்டான். தேறிடுவா போல."

அவன் கட்டிலருகே உட்கார்ந்தான்.

மூச்சு வந்தது. நின்றது. அவன் காத்திருந்தான். மறுபடி வந்தது.

மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தான். முதல் நாள் நிஷா நிறுத்திவைத்த கடைசிப் பக்கத்தை நின்றபடியே, சத்தமில்லாமல் வாசித்தான்.

புத்தகத்தை மூடி வைத்தான். போர்வையின் ஓரத்தை விலக்கி, நிஷாவின் பாதத்தைத் தொட்டான்.

சில்லென்று இருந்தது. முழங்காலில் நீலத் திட்டுகள் படர்ந்திருந்தன.

அவன் போர்வையை இழுத்துவிட்டான். நிஷா விழித்திருந்தார்.

"ரயில் எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணுக்கு மேடம்."

"கெளம்புங்க."

அவன் நகரவில்லை.

"அண்ணா." வெகுநேரம் கழித்து மூச்சு திரும்பியது. "இதுல மார்க் கிடையாது."

"தெரியும் மேடம்."

தோளிலிருந்த பையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"ஒரு பக்கம் பாக்கி இருக்கு."

நிஷா கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் உயரவில்லை.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தான்.

"ரயில் ஏறலப்பா."

ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த ரயில் என்று கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

"சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ரஹ்மத் நிஷா இறந்தார். அம்மாவின் கை அவர் நெற்றியில் இருந்தது. அந்த நேரம் வரப்போகிறது என்று சகாயராஜ் அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தான். அதனால் அவர் அடுப்படியில் இல்லை. பக்கத்தில் இருந்தார்.

அவன் நாடி பார்த்தான். மார்பில் காது வைத்துக் கேட்டான். கண் இமையை விலக்கிப் பார்த்தான். பிறகு அம்மாவிடம் சொன்னான்.

இறப்புச் சான்றில் கையெழுத்துப் போட அவனுக்கு உரிமை இல்லை. அடுத்த தெருவிலிருந்து ஒரு டாக்டரை அழைத்து வந்தார்கள். அவர் நிஷாவிடம் படித்தவர். கையெழுத்துப் போட்டுவிட்டு, "கூட இருந்தது யாரு?" என்று கேட்டார்.

ஜும்மா தொழுகைக்குப் பிறகு அடக்கம். உடலை வைத்த சந்தூக்கைக் கபரஸ்தானுக்குத் தூக்கிப் போனவர்களில் சகாயராஜும் ஒருவன். அந்த நேரத்தில் சென்னையில் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

2019 ஜூலை 1, திங்கட்கிழமை, சகாயராஜ் பொன்மலையில் சித்தப்பாவின் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான்.