நான்காவது நோட்டீஸ்

ஓர் ஊரில் சிங்காரி என்று பெயர் எழுதிய ஆட்டோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது: பிரசவ வலியில் துடித்த பெண்ணை இறக்கிவிட ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். 'நிறுத்தாதே' பலகை கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் பின்னால் இருந்தது. அபராதம். கட்டினாள்.

இரண்டாவது: ஹெல்மெட் போடவில்லை என்று நோட்டீஸ் வந்தது. மூன்று சக்கரமும் கூரையும் உள்ள ஆட்டோவுக்கு! கட்டினாள்.

மூன்றாவது: பழுதாகிச் சிவப்பிலேயே நின்ற சிக்னலில், "போ, போ" என்று போலீஸ்காரரின் விசில் விரட்டியது. போனாள். கேமரா படம் பிடித்தது. அதையும் கட்டினாள்.

நான்காவது நோட்டீஸ், நாலுமுக்கு சிக்னலில் நிறுத்தக்கோட்டைத் தாண்டியதாகச் சொன்னது. குற்றம் உறுதியானால் பர்மிட் ரத்து. பர்மிட் போனால் சிங்காரி காயலான் கடைக்குத்தான்.

"கட்டிட்டு வாடி. கோர்ட்டுக்கு அலைஞ்சா பொழப்பு போயிடும்" என்றன ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்கள்.

சிங்காரிக்கு நிலைகொள்ளவில்லை. இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாள். அங்கே ஆணியில் தொங்கியது, முழங்கை கிழிந்த வக்கீலின் கறுப்பு அங்கி.

"முந்தின மூணையும் ஏன் கட்டினே?" என்று அங்கி கேட்டது.

"கட்டினா முடிஞ்சிரும்னாங்க ஐயா."

"முடியலையே. ஒவ்வொரு ரசீதும் 'ஆமா, நான்தான் செஞ்சேன்'னு நீயே எழுதிக் கொடுத்த வாக்குமூலம்."

"நான் செய்யலையே!"

"அதை எங்கே சொன்னே?"

"ஸ்டாண்டுல சொன்னேன். டீக்கடையில சொன்னேன்."

"கோர்ட்டுல?"

"அங்கே போனதே இல்லை ஐயா."

"சரி, இந்தத் தடவை அங்கே சொல்லுவோம். எனக்கு நீ ஒண்ணும் தர வேண்டாம், இந்த மையம் அதுக்குத்தான் இருக்கு. நோட்டீஸ்ல இருக்கிற படத்தைக் காட்டு."

படத்தில் சிங்காரி நின்றாள். அவள் சக்கரத்தடியில் கருகருவென்று சாலை.

"கோடு எங்கேம்மா?"

"அதுக்கு முந்தின வாரம் புது ரோடு போட்டாங்க ஐயா. தார் வந்து கோட்டு மேல படுத்துக்கிச்சு. அப்புறம் யாரும் கோடு போடல."

அங்கி ஆணியிலிருந்து குதித்து இறங்கியது.

வழக்கு நாளன்று கேமரா கம்பத்தோடு வந்து கூண்டில் ஏறியது. "நான் கண் சிமிட்டறதே இல்லை. இது மூணு தரம் ஒத்துக்கிட்ட வண்டி" என்றது.

"பழசு இருக்கட்டும். இப்போ இவ எதைத் தாண்டினா?" என்றது அங்கி.

"கோட்டை."

"நீர் பார்த்தீரா?"

"அங்கே கோடு இருக்கும்னு எனக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க."

"பார்த்தீரான்னு கேட்டேன்."

"எழுதிக் கொடுத்ததைத்தான் நான் பார்ப்பேன்!"

பெஞ்சுகள் சிரித்தன. நீதிபதியின் நாற்காலி சிரிக்கவில்லை. அது முன்பக்கம் சாய்ந்தது.

"கோட்டைக் கூப்பிடுங்கள். 'என்னைத் தாண்டினாள்' என்று அது வந்து சொல்லட்டும், பர்மிட்டை ரத்து செய்கிறேன். மூன்று முறை அழைத்தும் வரவில்லை என்றால் வழக்கு தள்ளுபடி."

ஏழைகளின் பெயரை மூன்று முறை கூவி, வராதவர்மேல் வாரண்டு விழுவதையே பார்த்துப் பழகிய கோர்ட் சேவகனின் டவாலி, முதல்முறையாக அரசுத் தரப்புச் சாட்சியின் பெயரைக் கையில் வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனது. அங்கே சாட்சிகள் நின்றிருந்தார்கள்: சிக்னல், விசில், தார். டவாலி தொண்டையைச் செருமியது. தார் தலையைக் குனிந்துகொண்டது.

"நாலுமுக்கு நிறுத்தக்கோடு! நாலுமுக்கு நிறுத்தக்கோடு! நாலுமுக்கு நிறுத்தக்கோடு!"